என் இரத்தத்தில் வளர்ந்தது யாருடைய கிருமி

முதலில் நான் சந்தேகப்பட்டது தண்ணீர் கேனை. ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலம் ஐந்து மணியானால் முதுகில் குளிர் ஏறும், ஏழு மணிக்கு உடம்பு கொதிக்கும், விடிந்தால் ஒன்றும் இருக்காது. கேன் போடுகிறவரிடம் சண்டை போட்டு ஆளை மாற்றினேன். காய்ச்சல் மாறவில்லை. அடுத்து எதிர்க்கடை ஏசியிலிருந்து எங்கள் கடை வாசலில் சொட்டும் தண்ணீர். அதற்கடுத்து மதியச் சாப்பாடு வாங்கும் மெஸ்ஸின் எண்ணெய். இப்படி ஒவ்வொன்றாக விசாரித்துத் தள்ளியதில் ஆறு வாரம் போய்விட்டது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வடிவு, வயது ஐம்பத்து மூன்று. பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மந்தைவெளியில் வீடு, தி. நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், பாவாடை எடுத்துக் கொடுப்போம். வியாபாரத்தை என் வீட்டுக்காரர் பார்ப்பார். வாங்கிய துணியைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களை விசாரிப்பது என் பங்கு. சாயம் போகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் ப்ளீச்சில் ஊறவைத்துவிட்டு வருவார்கள். முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவேன். முப்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வேறு புத்தி எங்கிருந்து வரும்? கோயில் பிரசாதத்தையே முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லுவார். பொய்யில்லை.

இப்போது உடம்பு தேறிவிட்டது. என்னைப் போல எதையும் எளிதில் நம்பாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த ஆறு வாரத்தில் மூன்று தடவை தெருமுனை மெடிக்கலில் சொல்லி, என் வீட்டுக்காரர் மாத்திரை வாங்கிவந்தார். மூன்று நாள் போட்டால் காய்ச்சல் விடும், நான்காம் நாள் திரும்ப வரும். ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று ஆனது. எடை குறைந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கடைசியில் மகள் மீனா பிடிவாதமாக மந்தைவெளி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த வயதான டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "இருதயத்துல ஒரு சத்தம் கேக்குது. பெரிய இடத்துல காட்டிடுங்க" என்று அடையாறில் ஒரு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் மீனாவிடம், "கமிஷன் வாங்குவாரு போல" என்றேன். அவள் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காத்திருக்கும் கூடத்தில் நீல நாற்காலிகள், சுவரில் டோக்கன் நம்பர் ஓடும் திரை. என் நம்பருக்குப் பின்னால் வந்த இரண்டு பேரை முன்னால் கூப்பிட்டார்கள். எழுந்துபோய்க் கேட்டேன். அவர்கள் வேறு டாக்டரைப் பார்க்க வந்தவர்களாம். அவர்கள் வெளியே வரும்போது சீட்டை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டுதான் உட்கார்ந்தேன்.

அங்கே எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் குளிர்ந்த கூழைத் தடவி, ஒரு கருவியால் உருட்டினால் இருதயம் துடிப்பது திரையில் தெரியும். வலியில்லை. இருதயநோய் டாக்டரம்மா திரையைக் காட்டிப் பேசினார். இருதயத்துக்குள் இரத்தம் ஒரு பக்கமாகவே போகும்படி சில கதவுகள் உண்டு, அவற்றுக்கு வால்வு என்று பெயர். என்னுடையதில் ஒரு கதவு கொஞ்சம் தளர்ந்தது, பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாம். இப்போது அதன் ஓரத்தில் அவல் அளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டு ஆடுகிறது.

"கிருமி கூடு கட்டியிருக்குன்னு நினைக்கிறேன். அட்மிட் ஆகிடுங்க. ரத்தத்துல எந்தக் கிருமின்னு முதல்ல கண்டுபிடிக்கணும்" என்றார். பிறகு கேள்விகள். "வெளில ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், திட்டுவார்களோ என்ற பயம் ஒன்று. எதிராளியிடம் எல்லாவற்றையும் கொட்டக்கூடாது என்ற கடைப் பழக்கம் இன்னொன்று. மொத்த வியாபாரியிடம் நம் கையிருப்பைச் சொன்னால் விலையை அவன்தான் வைப்பான். டாக்டரை எதிராளி வரிசையில் வைத்த கெட்டிக்காரி நான்.

"பல்லுல ஏதாவது தொந்தரவு, பல் பிடுங்கினது?"

"பல் ஆஸ்பத்திரி வாசலையே மிதிச்சதில்ல டாக்டர்" என்றேன். அதைப் பெருமையாகவே சொன்னேன்.

இரத்தம் எடுக்க வந்தவள் பெயர் செல்வி. முப்பது வயதுக்குள் இருக்கும். பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டின ஊரூர் குப்பத்துக்காரி, வீட்டில் மீன் வியாபாரம், இவள் லேப் படிப்பு படித்து இங்கே வேலை பார்க்கிறாள். இதெல்லாம் நான் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது. கேட்டுவிட்டு அவள் கையில் மீன் வாடை வருகிறதா என்று முகர்ந்தும் பார்த்தேன். மருந்து வாடைதான் வந்தது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

"இன்னாக்கா இப்டி நடுங்குறீங்க. எறும்பு கடிச்சா மாறி இருக்கும், அவ்ளோதான்" என்றாள். வண்டியில் நான்கு பாட்டில்கள் வைத்திருந்தாள், அடியில் தேன் நிறத்தில் ஒரு திரவம்.

"எதுக்கு இத்தனை பாட்டிலு?"

"அதுக்குள்ள இருக்கறது கிருமிக்கு சாப்பாடுக்கா. உங்க ரத்தத்த அதுல வுட்டு, கதகதன்னு மிஷின்ல வெச்சா, கிருமி இருந்துச்சுன்னா தின்னுட்டு வளரும். அஞ்சு நாள் பாப்பாங்க. வலது கைல ரெண்டு பாட்டில், அரை மணி கழிச்சு எடது கைல ரெண்டு பாட்டில்."

"ஒரு கையில எடுத்தா போதாதா?"

"தோல்லயும் கிருமி கீதுக்கா, எல்லாருக்கும். ஒரு கைல மட்டும் வந்துச்சுன்னா தோல்லருந்து ஊசியோட ஒட்டிக்கினு வந்துச்சோன்னு டவுட்டு வரும். ரெண்டு கைலயும் ஒரே கிருமி வந்தா, அது ரத்தத்துலயே ஓடிக்கினு கீதுன்னு அர்த்தம்."

தெளிவாகத்தான் சொன்னாள். நானும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன், பின்னால் அதையே அவளுக்கு எதிராகத் திருப்பும் அளவுக்கு.

மறுநாள் மத்தியானம் இளம் டாக்டர் ஒருவர் வந்தார். வலது கைப் பாட்டில்களில் கிருமி வளர்ந்திருக்கிறது, இடது கையில் இன்னும் இல்லை, கிருமியின் பெயர் தெரிய இரண்டு நாள் ஆகும், ஆனால் டாக்டரம்மா இன்றைக்கே மருந்தை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார் என்றார். நான்கு வாரம், தினமும் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும்.

"இடது கையில ஏன் இல்ல?" என்றேன்.

"லேட்டா வளரலாம். இல்ல, வலது கைல எடுக்கறப்போ தோல்ல இருந்து வந்த கிருமியாவும் இருக்கலாம். அதுக்கு வாய்ப்பு கம்மிதான்."

அவர் சொன்ன கடைசி வாக்கியம் என் காதில் விழவே இல்லை. தோலிலிருந்து வந்த கிருமி. அதாவது என் கிருமியே இல்லை. யாரோ கை கழுவாமல் எடுத்ததற்கு நான் நான்கு வாரம் இங்கே கிடக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் போக மீதியை என் வீட்டுக்காரர் கட்ட வேண்டும். ப்ளீச்சில் நனைத்த துணியைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடமே தள்ளுகிறார்கள் என்று தோன்றிவிட்டது.

மீனா வேறு போனில் எதையோ படித்துவிட்டு வந்தாள். நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் இரத்தத்திலும் கிருமிகளின் தடயம் இருக்கிறதாம், இத்தனை நாள் இரத்தம் சுத்தமானது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். "அப்புறம் என்ன? எல்லாரு ரத்தத்துலயும் இருக்கறது என் ரத்தத்துல இருந்தா மட்டும் வியாதியா?" என்று சாயங்காலம் வந்த டாக்டரம்மாவை மடக்கினேன்.

அவர் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்க பொண்ணு படிச்சது தப்பில்ல. பல் தேய்க்கிறோம், முறுக்கு கடிக்கிறோம், அப்போ வாயில இருக்கற கிருமி கொஞ்சம் ரத்தத்துக்குள்ள போகும். குடல்ல இருந்தும் போகும். கல்லீரலும் மண்ணீரலும் சில நிமிஷத்துல அதைப் பிடிச்சு முடிச்சிடும். ரத்தத்துலயே நிரந்தரமா குடியிருக்கற கிருமி உண்டான்னு இன்னும் ஆராய்ச்சிதான் பண்றாங்க. அநேகமா இல்லைன்னுதான் சொல்றாங்க. உங்க கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"வருவாங்க, போவாங்க. எண்ணுவாங்களா?"

"வந்து போறவங்களால கடைக்கு நஷ்டமில்ல. ஒருத்தன் வந்து கல்லாப் பக்கத்துல உக்காந்து, எழுந்திருக்கவே மாட்டேங்கறான், இன்னும் பத்து பேரைக் கூப்பிட்டு உக்கார வைக்கிறான்னு வைங்க. உங்க வால்வுல உக்காந்திருக்கறது அதுதான். அதுல ஒரு துண்டு பிய்ஞ்சு மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துடும். மருந்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது."

நன்றாகத்தான் பேசுகிறார், எங்கள் கடைப் பையன்களை விட நன்றாக விற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரிக்குள் புகார்ப் படிவத்தை வாங்கி நிரப்பிவிட்டேன். "இரத்தம் எடுத்த பெண், மருந்து போட்டுத் துடைத்த இடத்தில் மறுபடியும் வெறும் விரலால் தொட்டு நரம்பு தேடினாள். நான் என் கண்ணால் பார்த்தேன்." கீழே கையெழுத்து.

மறுநாள் காலை கஞ்சி வந்த நேரத்தில் செல்வி வந்து நின்றாள். வண்டி இல்லை, கையில் ஒன்றும் இல்லை.

"அக்கா, ஒன்னே ஒன்னு கேட்டுட்டு போறேன். தொடச்சப்புறம் நான் வெரல் வெச்சேன்னு எழுதிகீறீங்க. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நல்லா பாத்தீங்களா?"

"பாக்காமலா எழுதுவாங்க?"

"சரிக்கா. கஞ்சி ஆறிப்போவுது, சாப்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பார்க்கவில்லை. ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆகாது. இரண்டு தடவையும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். தொட்டிருப்பாள் என்று முதலில் நினைத்தேன். மத்தியானம் தொட்டிருக்க வேண்டும் என்று ஆனது. எழுதும்போது பார்த்ததாகவே ஆகிவிட்டது. எழுதி முடித்த பிறகு எனக்கே அவள் விரல் ஞாபகம் வந்தது, அதில் சிவப்பாக நகப்பூச்சு இருந்ததுகூட. ஆனால் அவள் கையுறை போட்டிருந்தாள்.

அன்றைக்கே வீட்டுக்குப் போகிறேன் என்று நின்றேன். டாக்டர் பேச்சை மீறிப் போகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கஞ்சி ஃபிளாஸ்க்கும் கையுமாகத் தினமும் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவர். அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வடிவு, வேண்டாம். நாலு வாரம்தானே, நான் இருக்கேன். எதுக்கு இப்படி வம்பு பண்ணுத?"

"என் ரத்தத்துல ஒண்ணும் கிடையாது. அவ கையில இருந்ததுக்கு நான் ஏன் மருந்து ஏத்தணும்? வேற இடத்துல காட்டுவோம்."

"அந்தப் பிள்ளை மேல உனக்கு என்ன அப்படி?"

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான்" என்றேன். அவர் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் பையை மடிக்க ஆரம்பித்தார்.

வீட்டில் ஒன்றரை நாள் இருந்தேன். இரண்டாம் நாள் காலை அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனேன், விரல் மூடவில்லை. "என்னங்க" என்று கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ சத்தம். எனக்கே அது கேட்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் பட்டதில்லை. எல்லாவற்றையும் பேசியே சமாளித்தவள் நான், அந்த நாக்கு எனக்குள் ஒரு பஞ்சு உருண்டையாகக் கிடந்தது. அவர் ஓடிவந்தார். பனியனோடேயே என்னைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார். அடையாற்றுப் பாலம் வரும்வரை, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று என் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அவர் அழுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது, ஏன் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

மூளையில் ஒரு சின்னக் குழாயில் அடைப்பு. டாக்டரம்மா சொன்னது போலவே, வால்விலிருந்து பிய்ந்த துணுக்கு. கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சாயங்காலத்துக்குள் பேச்சு திரும்பிவிட்டது. இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் இன்றைக்கும் மரத்தாற்போல இருக்கின்றன. பட்டுத் துணியையும் பாலியெஸ்டரையும் இப்போது வலது கையால்தான் தடவிப் பார்க்கிறேன்.

மருந்து உடனே ஏறியது. மறுநாள் டாக்டரம்மா லேப் தாளோடு வந்தார். நான் வீட்டுக்குப் போன அன்றைக்கே இடது கைப் பாட்டில்களிலும் வளர்ந்துவிட்டதாம். இரண்டு கையிலும் ஒரே கிருமி. மூன்று தடவை போன் செய்தார்களாம். அந்த நம்பரை விளம்பர நம்பர் என்று நினைத்து எடுக்க விடாமல் செய்தவள் நான்தான்.

"இது தோல்ல இருக்கற கிருமி இல்ல. மைக்ராஸ்கோப்ல பாத்தா மணி கோத்த மாதிரி வரிசையா நிக்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ல ஒரு வகை. வாயிலதான் இருக்கும், எல்லார் வாயிலயும். இடது கைப் பாட்டில்ல ஏன் இவ்வளவு தாமதமா வளர்ந்ததுன்னுதான் புரியல. மாத்திரை போட்டிருந்தா ரத்தத்துல கிருமி கொறைஞ்சு அரை மயக்கத்துல இருக்கும், அப்போ இந்த மாதிரி ஒரு பாட்டில் முன்ன, ஒரு பாட்டில் பின்னன்னு ஆகும். நீங்க போடலைன்னு சொன்னீங்க."

நான் கூரையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "மூணு தடவை வாங்கிக் கொடுத்தேன் டாக்டர். நான்தான் மெடிக்கல்ல வாங்கினேன். தப்பு என் மேலதான்." முப்பது வருஷத்தில் என்னை விட்டுக்கொடுத்து அவர் பேசிய ஒரே இடம் அது. அதிலும் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

"சரி, வாயில இருந்து எப்படி உள்ள போச்சு? பல் வைத்தியம் பண்ணலைங்கறீங்க" என்று டாக்டரம்மா டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். கடைவாயில் ஒரு பல் வேர்வரை சொத்தை, சுற்றிலும் ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. "இதைக் குத்துவீங்களா?"

நான் யோசிப்பதற்குள் மீனா கைப்பையைத் திறந்தாள். ஸ்கேன் எடுக்கும்போது கழற்றிய என் தாலிச் சங்கிலியைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். தாலியோடு மூன்று ஊக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த ஊக்கு இல்லாமல் எந்தப் பெண் இருக்கிறாள்? அவசரத்துக்குக் கொக்கி போன ஜாக்கெட்டுக்கும் உதவும், புடவை மடிப்புக்கும் உதவும்.

"சாப்பிட்டதும் கல்லாவுல உக்காந்து இதாலதான் பல்லு குத்துவாங்க. தினமும். ரத்தம் வந்தா துப்பிட்டு மறுபடி குத்துவாங்க. அப்புறம் அதே ஊக்கைத் துணில விலைச்சீட்டு குத்தவும் எடுப்பாங்க" என்றாள் மீனா.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்கு வரவில்லை. தண்ணீர் கேனை, ஏசியை, மெஸ்ஸை, கமிஷன் டாக்டரை, செல்வியை, இத்தனை பேரையும் விசாரித்தவள் என் கழுத்தில் தொங்கினதை விசாரிக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இது முதுகுகூட இல்லை, நெஞ்சிலேயே தொங்கியது.

நான்கு வாரம் ஏறியது. பகலெல்லாம் மருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி போட்டிருக்கிறதா என்று மீனாவைப் படித்துக்காட்டச் சொல்வேன். பிறவிப் புத்தி நான்கு வாரத்தில் போகுமா? மீனா வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று சொல்லி மருத்துவமனை நாற்காலியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் காலையில் மெது இட்லியும் மத்தியானம் ரசம் சாதமும் கொண்டுவருவார், கடையில் அன்று யார் என்ன திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். நான் படுத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவேன். இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒருநாள் வந்து, நடுவில் ஏன் வெளியே போனீர்கள், ஏதாவது மறைக்கிறீர்களா என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தார்கள். அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொத்தைப் பல்லையும் அங்கேயே எடுத்தார்கள். வால்வு தாங்கிக்கொண்டது, இப்போதைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்றார்கள்.

செல்வி மட்டும் வார்டுக்கு வரவே இல்லை. மூன்றாம் வாரம் நர்ஸிடம் கேட்டேன். "உங்க கம்ப்ளைன்டுக்கு அப்புறம் கீழ கலெக்‌ஷன் ரூமுக்கு மாத்திட்டாங்க. அவளுக்கு சீனியர் போஸ்டிங் வர வேண்டியது, அதையும் நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றாள் சாதாரணமாக. அன்றைக்கே ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதினேன். "தவறாகப் புரிந்துகொண்டு புகார் கொடுத்துவிட்டேன், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." பார்க்கவில்லை என்று எழுதப் பேனா வரவில்லை. மருத்துவமனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் அவளுக்கு ஏதாவது ஆனதா என்று எனக்குச் சொல்லவில்லை.

மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அந்தப் பாட்டில் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், கிருமி முழுவதும் ஒழிந்ததா என்று பார்க்க. கீழ்த்தளத்தில் இரத்தம் எடுக்கும் அறை. டோக்கன் வந்தது, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். செல்வி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. கை எப்டி கீது?"

"ரெண்டு விரல் மரத்துக் கிடக்கு" என்றேன். கடையிலிருந்து நல்ல பட்டு ஜாக்கெட் துணி ஒன்று எடுத்துப் பையில் வைத்திருந்தேன். நீட்டினேன்.

"ட்யூட்டில எதுவும் வாங்கக்கூடாதுக்கா. ஏற்கெனவே என் பேர்ல ஒன்னு கீது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பாட்டில்களில் என் பெயர்ச்சீட்டை ஒட்டினாள்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வந்த பேச்சு எதுவும் நினைவுக்கு வரவில்லை. "செல்வி, அன்னைக்கு நான் பாக்கல. கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். பாத்தேன்னு உன்கிட்டயே பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"ஊசி போடறவளுக்கு எதிர்ல உக்காந்துகினு இருக்கறவங்க எங்க பாக்கறாங்கன்னு தெரியாதா? செவுத்துப் பக்கம் திரும்பிக்கினு இருந்தீங்க. ரெண்டு தபாவும்."

"பிறகு ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"சொன்னேன். பேஷண்ட்டு பாத்தேன்னு கையெழுத்து போட்டு குடுத்துகீறாங்க, நீ அவங்க பாக்கலன்றியேன்னு கேட்டாங்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நான் பழக்கதோஷத்தில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினேன். பட்டை தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அவிழ்த்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தாண்ட திரும்பிக்கோங்க."

"எனக்கு உன் மேல நம்பிக்கை இருக்கும்மா. நீ எடு."

"நம்பிக்கைலாம் வேணாம்க்கா" என்றாள். "பாருங்க."

பட்டையை மறுபடி கட்டினாள். விரலால் அழுத்தி நரம்பைப் பார்த்துக்கொண்டாள். பிறகு கையுறையை மாற்றினாள். நடுவிலிருந்து வெளியே வட்டமாக மருந்து போட்டுத் துடைத்தாள், அது காயும்வரை காத்திருந்தாள், ஊசியை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் மூடவில்லை. ஊசி உள்ளே போவதையும், என் இரத்தம் குழாயில் ஏறிப் பாட்டிலுக்குள் விழுவதையும் ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

துடைத்த இடத்தை அவள் விரல் தொடவில்லை.